வாடாத வாகை எல்லாருக்கும்

(பொதுக்காலம் 30ம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை.
வாசகங்கள்: சீராக்கின் ஞானம் 35: 12-14, 16-18, 2 திமொத்தேயு 4: 6-8, 16-18, லூக்கா 18: 9-14)



இன்றைய நற்செய்தியில் இருவர் கோவிலுக்குப் போகிறார்கள். ஒருவர் பரிசேயர், மற்றவர் வரிதண்டுபவர். இருவரும் இறைவனிடம் வேண்டுகிறார்கள். பிறகு வீடு திரும்புகிறார்கள். இந்த உவமையைக் கேட்கும்போது, கோவிலுக்குள் அவர்கள் எப்படி வேண்டினார்கள் என்பதைத்தான் நாம் வழக்கமாகச் சிந்திப்போம். இன்று அவர்கள் வீடு திரும்பியதைச் சற்று சிந்திப்போம். ஏனெனில், இயேசு இந்த உவமையை முடிப்பதும் அங்கேதான். யார் எந்த நிலையில் தம் வீட்டுக்குப் போனார் என்று சொல்லித்தான் அவர் கதையை நிறைவு செய்கிறார்.

இதற்கு இன்றைய இரண்டாம் வாசகம் நமக்குப் பெரிதும் உதவுகிறது. சிறையில் சாவை எதிர்நோக்கியிருக்கும் திருத்தூதர் பவுல், தம் பிள்ளையைப் போன்ற திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கும் அவர் மூன்று சொற்களைப் பயன்படுத்துகிறார்: போராட்டம், ஓட்டம், வெற்றி வாகை. இந்த மூன்றுமே விளையாட்டுத் திடலிலிருந்து வந்தவை. திமொத்தேயுவின் தாய் யூதர், தந்தை கிரேக்கர். கிரேக்க ஊர்களில் வளர்ந்த ஓர் இளைஞருக்கு இந்தச் சொற்களை யாரும் விளக்கத் தேவையில்லை. படித்தவுடனே திடலும் கூட்டமும் கண்முன் வந்திருக்கும். நமக்கோ அந்தத் திடல் தெரியாது. எனவே, பவுலின் சொற்களை உணர வேண்டுமானால், நாமும் ஒருமுறை பழைய கிரேக்க நாட்டுக்குப் போய் வர வேண்டும்.

கிரேக்க நாட்டின் தென்மேற்கில், அல்பேயுஸ் ஆற்றங்கரையில் ஒலிம்பியா என்ற இடம் இருக்கிறது. அது பெரிய நகரம் அன்று, வழிபாட்டிடம். கிரேக்கர்களின் தலைமைத் தெய்வமான சேயுஸுக்கு அங்கே பெரிய கோவில் இருந்தது. பெய்தியாஸ் என்ற சிற்பி பொன்னாலும் தந்தத்தாலும் செய்த சேயுஸ் சிலை ஏறக்குறைய 12 மீட்டர் உயரம். உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாக அதை எண்ணினார்கள். இந்தத் தெய்வத்தின் திருவிழாவில்தான் ஒலிம்பிக் ஆட்டங்கள் நடந்தன. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடை வெயிலில், விழா நடக்கும். விழாவின் நடுவில் 100 எருதுகளைப் பலியிடுவார்கள். அவர்களுக்கு விளையாட்டும் வழிபாடும் வேறு வேறாக இருக்கவில்லை.

இந்த ஆட்டங்கள் கி.மு. 776ம் ஆண்டு தொடங்கியதாக மரபு சொல்கிறது. முதல் வெற்றியாளர் கொரைபுஸ் என்பவர். அவர் ஒரு சமையல்காரர் என்றும் பழைய நூல்கள் குறிப்பிடுகின்றன. தொடக்கத்தில் ஒரே ஒரு போட்டிதான்: திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுவது. அந்தத் தூரம் ஏறக்குறைய 192 மீட்டர். பின்னர் நீண்ட ஓட்டம், மல்யுத்தம், குத்துச்சண்டை, வட்டெறிதல், ஈட்டியெறிதல், தேரோட்டம் எனப் பல சேர்ந்தன. ஓட்டக்காரர்கள் காலை ஊன்றி நின்ற கல்வரிசை இன்றும் அங்கே இருக்கிறது. மண்மேட்டுச் சரிவுகளில் 40,000 பேர் அமர்ந்து பார்த்தார்கள்.

ஒலிம்பியாவைப் போல இன்னும் மூன்று இடங்கள் இருந்தன. தெல்பியில் அப்பொல்லோவின் பெயரால், நெமேயாவில் சேயுஸின் பெயரால், கொரிந்துக்கு அருகே இஸ்த்மியாவில் கடல் தெய்வமான பொசைடோனின் பெயரால் ஆட்டங்கள் நடந்தன. இந்த நான்கிலும் பரிசாகக் கொடுத்தது பொன்னும் அல்ல, வெள்ளியும் அல்ல, வெறும் தழை. ஒலிம்பியாவில் காட்டு ஒலிவக் கிளையால் செய்த முடி. தாய் தந்தை இருவரும் உயிரோடு இருக்கும் ஒரு சிறுவன், பொன் அரிவாளால் அந்தக் கிளைகளை வெட்டி வருவானாம். தெல்பியில் லாரல் இலை. நெமேயாவில் பச்சைச் செலரித் தழை. இஸ்த்மியாவில் ஊசியிலை மரக்கிளை, அல்லது காய்ந்த செலரி. நம் முன்னோர் போரில் வென்றவருக்கு வாகைப் பூவைச் சூட்டினார்கள். அதனால்தான் நம் தமிழ் விவிலியத்தில் பவுலின் சொல்லை 'வெற்றி வாகை' என்று அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இலை, இங்கே பூ. இரண்டும் சில நாளில் வாடிவிடும்.

அந்த வாடிப்போகும் தழைக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒலிம்பியாவில் போட்டியிடுபவர் பத்து மாதம் முறையாகப் பயிற்சி செய்திருக்க வேண்டும். சேயுஸின் சிலைக்கு முன்னால், பலியிட்ட பன்றியின் இறைச்சித் துண்டுகளின் மேல், தந்தையரும் சகோதரர்களும் பயிற்றுநர்களும் உடன் நிற்க, எந்தத் தீய வழியையும் நாடமாட்டோம் என்று ஆணையிட வேண்டும். ஓட்டம் தொடங்கும் முன்பே காலை எடுத்து வைத்தவருக்குப் பிரம்படி விழும். ஆடையின்றி, உடலெங்கும் எண்ணெய் பூசிக்கொண்டு, வெயிலிலும் புழுதியிலும் போராட வேண்டும்.

ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். கி.மு. 388ம் ஆண்டு, தெசாலி நாட்டைச் சேர்ந்த யூபோலுஸ் என்ற குத்துச்சண்டை வீரர், எதிராளிகள் மூவருக்குப் பணம் கொடுத்துத் தோற்கச் செய்தார். நடுவர்கள் கண்டுபிடித்து எல்லாருக்கும் அபராதம் விதித்தார்கள். அந்தப் பணத்தில் சேயுஸின் வெண்கலச் சிலைகள் ஆறு செய்து, திடலுக்குப் போகும் வழியில் நிறுத்தினார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு வீரரும் அந்தச் சிலைகளைக் கடந்துதான் திடலுக்குள் நுழைய வேண்டும். சிலைகள் இன்று இல்லை. அவை நின்ற பீடங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன.

விழாவுக்கு முன்பு தூதர்கள் ஊர் ஊராகப் போய்ப் புனித அமைதியை அறிவிப்பார்கள். ஒலிம்பியாவுக்குப் போகிறவரையும் வருகிறவரையும் வழியில் யாரும் தொடக்கூடாது. கி.மு. 420ம் ஆண்டு, இந்த அமைதியை மீறியதற்காக வலிமைமிக்க ஸ்பார்த்தா நகரையே விழாவிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஆனால் இந்த அமைதி போர்களை எல்லாம் நிறுத்திவிடவில்லை. கி.மு. 364ம் ஆண்டு, ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒலிம்பியாவின் கோவில் வளாகத்துக்குள்ளேயே சண்டை மூண்டது. மனிதர் செய்யும் நல்ல ஏற்பாடுகளின் கதை எப்போதும் இப்படித்தான். பாராட்டத் தக்கதும் இருக்கும், வருந்தத் தக்கதும் இருக்கும்.

அன்பார்ந்தவர்களே, இப்போது நாம் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்த ஆட்டங்களில் முதல் பரிசு மட்டும்தான் உண்டு. இரண்டாம் இடம் இல்லை, மூன்றாம் இடமும் இல்லை. இன்று நாம் பார்க்கும் வெள்ளிப் பதக்கமும் வெண்கலப் பதக்கமும் அன்று யாருக்கும் தெரியாதவை. வென்றவரின் பெயரையும், தந்தை பெயரையும், ஊரையும் கட்டியக்காரர் உரத்த குரலில் அறிவிப்பார். ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் வெற்றியாளருக்கு 500 வெள்ளிக்காசுகள் கொடுக்கச் சோலோன் சட்டம் செய்தார் என்று சொல்வர். வாழ்நாள் முழுவதும் நகரின் பொதுச் செலவில் சாப்பாடும் கிடைத்தது. கவிஞர்கள் புகழ் பாடினார்கள், சிற்பிகள் சிலை செய்தார்கள்.

தோற்றவர்களின் கதி என்ன? வென்றவர்களைப் பாடிப் புகழ்பெற்ற பிண்டார் என்ற கவிஞர், ஒரு பாடலில் தோற்றவர்களையும் எண்ணிப் பார்க்கிறார். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது பெருந்தெரு வழியாக வரமாட்டார்களாம். பகைவர் கண்ணில் படாமல், பின்சந்துகளில் ஒதுங்கி ஒதுங்கி வீட்டுக்குப் போவார்களாம். தாயின் முகத்தில்கூட அவர்களுக்காக ஒரு புன்சிரிப்பு இராதாம்.

இன்னொரு நிகழ்ச்சியைப் பவுசானியாஸ் என்ற பயண எழுத்தாளர் பதிந்திருக்கிறார். அஸ்திபலையா என்ற தீவைச் சேர்ந்த கிளேயொமேதேஸ் என்பவர் ஒலிம்பியாவில் குத்துச்சண்டை போட்டார். எதிராளி அவர் கையால் இறந்துபோனார். முறைதவறிச் சண்டையிட்டதாகச் சொல்லி நடுவர்கள் வெற்றியைப் பறித்துவிட்டார்கள். அந்த வருத்தத்தில் அவருக்குச் சித்தம் கலங்கியது. ஊருக்குத் திரும்பியவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, கூரையைத் தாங்கிய தூணைப் பிடித்துச் சாய்த்தார். உள்ளே ஏறக்குறைய 60 பிள்ளைகள் இருந்தார்கள். கூரை அவர்கள்மேல் விழுந்தது.

வென்றவர் கதையும் ஒன்று உண்டு. அர்ரிக்கியோன் என்ற மல்லர், கி.மு. 564ம் ஆண்டு, கழுத்து நெரிபட்டுக்கொண்டிருந்த நிலையில் எதிராளியின் கால்விரலை முறித்தார். வலி தாங்காமல் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டார். அதே நொடியில் அர்ரிக்கியோன் உயிர் பிரிந்தது. இறந்த உடலின் தலையில் ஒலிவ முடியை வைத்தார்கள். உலகம் தருகின்ற வாகையின் எல்லை அவ்வளவுதான்.

இத்தகைய ஓர் உலகத்தின் நடுவில்தான் திருத்தூதர் பவுல் கொரிந்து நகருக்கு வந்தார். கூடாரத் தொழில் செய்துகொண்டு ஒன்றரை ஆண்டு அங்கே தங்கினார். கல்லியோ என்ற ஆளுநரின் காலம் அது, ஏறக்குறைய கி.பி. 51ம் ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய ஆட்டங்கள் நடந்த திடல், அவர் தங்கியிருந்த நகரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து வெட்டவெளியில் தங்கும் அந்த நாட்களில், கூடாரம் செய்பவருக்கு வேலை நிறைய இருந்திருக்கும். அந்த ஆட்டங்களை அவர் அருகில் இருந்து அறிந்திருப்பார் என்றே விவிலிய அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

எப்படியும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ம் பிரிவில் அந்தத் திடல் முழுவதும் வந்துவிடுகிறது. பந்தயத்தில் ஓடுபவர் பலர், பரிசு பெறுபவர் ஒருவரே என்பதை நினைவூட்டி, பெற்றுக்கொள்ளும்படி ஓடுங்கள் என்கிறார். அழிந்துபோகும் வாகைக்காக அவர்கள் அவ்வளவு கட்டுப்பாட்டோடு இருக்கிறார்கள் என்றால், அழியாத வாகைக்காக நாம் எவ்வளவு கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும் என்று கேட்கிறார். காய்ந்த செலரியைத் தலையில் வைத்ததைக் கண்டிருந்த கொரிந்து மக்களுக்கு, 'அழிந்துபோகும்' என்ற சொல்லின் பொருள் உடனே விளங்கியிருக்கும். அந்தப் பகுதியின் முடிவில், மற்றவர்களுக்கு அறிவித்துவிட்டுத் தானே தகுதியிழந்துவிடக் கூடாதே என்று பவுல் அஞ்சுகிறார். நற்செய்தியை அறிவிப்பதற்கு அவர் அங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல், திடலில் கட்டியக்காரர் கூவி அறிவிப்பதற்கும் வழங்கிய சொல்தான். பிறர் பெயரைக் கூவும் நாமே ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிடக் கூடாது என்ற அச்சம், மறையுரை ஆற்றுகிற அருள்பணியாளருக்கும், மறைக்கல்வி கற்பிக்கிற ஆசிரியருக்கும், பிள்ளைகளைச் செபிக்கச் சொல்லும் பெற்றோருக்கும் எப்போதும் இருக்க வேண்டிய நல்ல அச்சம்.

ஆண்டுகள் ஓடின. கொரிந்துக்கு எழுதியபோது ஓட்டத்தின் நடுவில் இருந்த பவுல், இன்றைய வாசகத்தில் ஓட்டத்தின் முடிவில் நிற்கிறார். அவர் இருப்பது உரோமைச் சிறையில். முதல் முறை அவர் தம் வழக்கை எடுத்துரைத்தபோது யாரும் துணை நிற்கவில்லை. எல்லாரும் விட்டுப் போய்விட்டார்கள். கைதட்ட ஒருவரும் இல்லை. உலகத்தின் கண்ணுக்கு இவர் தோற்றவர். பின்சந்து வழியாகப் போக வேண்டியவர்.

பவுல் நீரோ மன்னனின் காலத்தில் தலை வெட்டப்பட்டு இறந்தார் என்பது திருஅவையின் தொன்மையான மரபு. அதே நீரோவைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கி.பி. 67ம் ஆண்டு அவன் ஒலிம்பியாவுக்குப் போனான். அவன் வசதிக்காக ஆட்டங்களின் ஆண்டையே மாற்றியிருந்தார்கள். பத்துக் குதிரை பூட்டிய தேரை ஓட்டினான். நடுவழியில் தேரிலிருந்து விழுந்தான். தூக்கி மறுபடியும் தேரில் ஏற்றினார்கள். அப்போதும் அவனால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. ஆனாலும் நடுவர்கள் அவனுக்கே வெற்றி முடியைச் சூட்டினார்கள். அந்த நடுவர்களுக்கு அவன் பெரும் பணம் கொடுத்தான். அந்தப் பயணத்தில் மட்டும் 1,808 முடிகளை வென்று திரும்பியதாக வரலாற்று ஆசிரியர் டியோ காசியுஸ் எழுதுகிறார். மறு ஆண்டே நீரோ இறந்தான். அடுத்து வந்த மன்னன் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கினான். அந்த ஒலிம்பிக் விழாவையே எலிஸ் நாட்டவர் தங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

சகோதரமே, இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓட்டத்தை முடிக்காமலே 1,808 முடிகளைச் சூடிக்கொண்ட மன்னன் ஒருவன். ஒரு முடிகூட இல்லாமல், சங்கிலியோடு, ஓட்டத்தை முடித்துவிட்டேன் என்று அமைதியாகச் சொல்லும் திருத்தூதர் ஒருவர். தாம் முதலில் வந்ததாகப் பவுல் சொல்லவில்லை. பேதுருவை முந்திவிட்டேன், அப்பொல்லோவை வென்றுவிட்டேன் என்றும் சொல்லவில்லை. ஓடி முடித்தேன், நம்பிக்கையைக் காத்துக்கொண்டேன் என்கிறார், அவ்வளவுதான். தம்மை விட்டுப் போனவர்கள்மேல் அது பழியாகச் சேர வேண்டாம் என்றும் வேண்டுகிறார்.

அடுத்து அவர் சொல்வதுதான் திடலின் சட்டத்தையே மாற்றுகிறது. நீதியுள்ள நடுவராகிய ஆண்டவர் தமக்கு வாகை சூட்டுவார் என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால், அது ஒலிம்பியாவின் சட்டமாகவே இருந்திருக்கும். ஆனால் உடனே, தமக்கு மட்டும் அல்ல, ஆண்டவரின் வருகைக்காக அன்போடு காத்திருக்கும் எல்லாருக்குமே அந்த வாகை உண்டு என்கிறார். பயிற்சியைப் பவுல் குறைக்கவில்லை. கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை. வியர்வையும் புழுதியும் வலியும் அப்படியே இருக்கின்றன. ஒன்றை மட்டும் நீக்கிவிட்டார்: ஒருவர் வாகை சூட, மற்றவர் எல்லாரும் தோற்றாக வேண்டும் என்ற சட்டத்தை.

இது எப்படி முடிந்தது? இயேசுவால் முடிந்தது. நம் ஆண்டவர் கெத்சமனித் தோட்டத்தில் பட்ட மனவேதனையைக் குறிக்க லூக்கா எழுதிய கிரேக்கச் சொல், போட்டியையும் போராட்டத்தையும் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. படைவீரர்கள் அவர் தலையில் அழுத்திய முள்முடிக்கு நற்செய்தியாளர்கள் பயன்படுத்தும் சொல்லும், ஒலிம்பியாவில் சூட்டிய ஒலிவ முடிக்கு வழங்கிய அதே சொல்தான். ஏளனமாகச் சூட்டியது அது. நகருக்கு வெளியே, தோற்றவராக, எல்லாரும் கைவிட அவர் இறந்தார். பின்சந்து வழியாகப் போகும் மனிதரோடு சேர்ந்து நடப்பதற்காகவே அவர் அந்த முடியைச் சுமந்தார். அவரை இறைத்தந்தை உயர்த்தியபோது, தோற்றவர் எல்லாருக்கும் ஒரு வழி திறந்தது.

இப்போது உவமைக்குத் திரும்புவோம். அந்தப் பரிசேயர் சோம்பேறி அல்ல. வாரத்தில் இருமுறை நோன்பிருக்கிறார். வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். பத்து மாதம் பயிற்சி செய்த வீரரைப்போல அவரிடமும் கட்டுப்பாடு இருக்கிறது. அதை இயேசு குறை சொல்லவில்லை. அவர் செய்த தவறு, கோவிலைத் திடலாக மாற்றியதுதான். கடவுளைப் பார்க்க வேண்டிய கண்ணைப் பக்கத்தில் திருப்பினார். யார் எனக்குப் பின்னால் வருகிறார் என்று பார்த்தார். தம் பெயரைத் தாமே கூவிக்கொள்ளும் கட்டியக்காரராக ஆனார்.

வரிதண்டுபவரோ தொலைவில் நிற்கிறார். கண்ணை உயர்த்தவும் துணிவில்லை. பிண்டார் பாடிய தோற்றுப்போன வீரரைப்போல ஒதுங்கி நிற்கிறார். சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இரக்கத்தை மட்டும் கேட்கிறார். ஆனால், கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பியவர் இவரே என்கிறார் இயேசு. பின்சந்து வழியாக, தலைகுனிந்து, தாயின் புன்சிரிப்பும் இல்லாமல் வீடு திரும்ப வேண்டியவரைக் கடவுள் தலைநிமிர்ந்து போகச் செய்தார். தாழ்ந்தோரின் மன்றாட்டு முகில்களைக் கடந்து இறைவனிடம் போய்ச் சேரும் என்று இன்றைய முதல் வாசகம் சொல்வதும் இதைத்தான்.

அன்பார்ந்த நேயர்களே, இது பழைய கிரேக்க நாட்டின் கதை மட்டுமா? தேர்வு முடிவு வரும் நாளில் நம் தெருக்களில் என்ன நடக்கிறது? முதலிடம் பெற்ற பிள்ளையின் படம் பெரிதாக மாட்டப்படுகிறது. நல்லது, மகிழ்வோம். ஆனால் அதே நாளில், வீட்டுக்குப் போகப் பயந்து, எங்கேயோ ஓர் ஓரத்தில் நிற்கும் பிள்ளை உண்டு. வாசலில் அப்பா என்ன சொல்வார், அம்மாவின் முகம் எப்படி இருக்கும், பக்கத்து வீட்டார் என்ன கேட்பார்கள் என்று எண்ணிக் கலங்கும் பிள்ளை. அந்தக் கலக்கத்தில் உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்தியையும் நாம் படித்திருக்கிறோம். அக்காவைப் பார், தம்பியைப் பார், எதிர்வீட்டுப் பையனைப் பார் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல், ஒரு பிள்ளையைப் பின்சந்துக்குத் தள்ளிவிடலாம்.

பிள்ளைகள் மட்டும் அல்ல. வேலை இழந்து வீட்டுக்கு வரும் தந்தை, மணவாழ்வு முறிந்து தாய்வீட்டுக்குத் திரும்பும் மகள், குடியை விடப் பலமுறை முயன்று மறுபடி விழுந்துவிட்ட சகோதரர், படுக்கையில் கிடந்து இனி யாருக்கும் பயனில்லை என்று நினைக்கும் முதியவர், பல ஆண்டுகள் கழித்து ஒப்புரவு அருளடையாளத்துக்குத் தயங்கித் தயங்கி வருபவர். இவர்கள் எல்லாரும் பின்சந்து வழியாக வருகிறவர்கள். இவர்களை எதிர்கொள்ளும் வாசல் எது? நம் வீட்டு வாசலும், நம் பங்குக் கோவிலின் வாசலும்தானே?

நம்முடைய திருமுழுக்கை நினைத்துப் பார்ப்போம். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் குழந்தையின் நெஞ்சில் எண்ணெய் பூசுகிறார்கள். 4ம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராக இருந்த புனித அம்புரோசியார், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களிடம், நீங்கள் கிறிஸ்துவின் விளையாட்டு வீரராக எண்ணெய் பூசப்பட்டீர்கள் என்னும் பொருள்பட விளக்கினார். மல்லர்கள் உடலில் பூசிய எண்ணெய் அவர் நினைவில் இருந்தது. ஒலிம்பியாவில் கிரேக்கரல்லாதவர் போட்டியிட முடியாது. அடிமைக்கு இடமில்லை. மணமான பெண்கள், தெமேத்தர் தெய்வத்தின் பெண் குரு ஒருவரைத் தவிர, பார்க்கவும் போக முடியாது. நம் திருமுழுக்குத் தொட்டியிலோ யாருக்கும் தடையில்லை. கைக்குழந்தைக்கும் அதே எண்ணெய், வயதானவருக்கும் அதே எண்ணெய். பூசப்பட்ட எல்லாருக்கும் ஓட்டம் உண்டு. ஓடி முடிக்கும் எல்லாருக்கும் வாகை உண்டு.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் இன்னொன்றையும் சொல்கிறது. நம்மைச் சுற்றித் திரண்டிருக்கும் சாட்சிகள், ஆபேல் முதல் நமக்கு முன் சென்ற எல்லாரும், தாங்களும் ஓடி முடித்தவர்கள். அவர்கள் நம் தோல்வியைப் பார்த்துச் சிரிக்க வந்த கூட்டம் அல்ல. அவர்களுக்கும் கால் வலித்தது, அவர்களும் விழுந்தார்கள். நவம்பர் மாதம் நெருங்கும் இந்நாட்களில், கல்லறைத் திருநாளுக்கு நாம் ஆயத்தம் செய்யும்போது, நம் பெற்றோரையும் பெரியோரையும் அந்தக் கூட்டத்தில் எண்ணிக்கொள்வோம்.

ஒலிம்பியாவின் பழைய ஆட்டங்கள் 4ம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி மறைந்துபோயின. சேயுஸின் பொற்சிலையும் இன்று இல்லை. அந்தச் சிலையைப் பெய்தியாஸ் செய்த பட்டறையின் சுவர்கள் மட்டும் நின்றன. 5ம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் அந்தப் பட்டறையைக் கோவிலாக மாற்றினார்கள். அதன் சுவர்களை இன்றும் காணலாம். ஒரே ஒருவருக்கு முடி சூட்டிய தெய்வத்தின் சிலை உருவான அதே இடத்தில், எல்லாருக்கும் ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார்கள். நம் ஒவ்வொரு ஞாயிறு திருப்பலியும் அதையே செய்கிறது. நற்கருணை வாங்க வரும் வரிசையில் முதலில் நிற்பவருக்கும் கடைசியில் நிற்பவருக்கும் கிடைப்பவர் ஒரே ஆண்டவர்.

எனவே, இந்த வாரம் நாம் இரண்டு காரியங்கள் செய்வோம். ஒன்று, நம் ஓட்டத்தை விடாமல் ஓடுவோம். செபத்திலும் நோன்பிலும் உழைப்பிலும் தளராமல் இருப்போம்; ஆனால் பக்கத்தில் ஓடுபவரோடு நம்மை ஒப்பிடும் பழக்கத்தை விட்டுவிடுவோம். இரண்டு, பின்சந்து வழியாக வீடு திரும்பும் ஒருவரையாவது தேடிப் போவோம். அவர் நம் பிள்ளையாக இருக்கலாம், நம் உடன்பிறப்பாக இருக்கலாம், நாம் பல மாதமாகப் பேசாத ஒருவராக இருக்கலாம். அவர் வரும்போது வாசலில் நின்று, முகமலர்ச்சியோடு, உள்ளே வா, சாப்பிடு என்று சொல்வோம். மதிப்பெண்ணையும் வேலையையும் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மன்றாடுவோம்: நீதியுள்ள நடுவரும் இரக்கமுள்ள தந்தையுமான இறைவா, எங்கள் ஓட்டத்தை நாங்கள் முடிக்கத் துணைசெய்தருளும். முந்தி ஓடுபவர்கள்மேல் பொறாமையும் பின்தங்கியவர்கள்மேல் இகழ்ச்சியும் எங்களில் இல்லாதபடி காத்தருளும். தோற்றுத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் எங்கள் வீட்டு வாசல் உம் வாசலாக இருக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.